ஒன்றாம் நம்பர் சாமிக்கு

அந்தக் கதிரையில் அவள் தன் கைப்பையை வைத்த நேரத்திலிருந்தே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. மறைத்து என்ன செய்ய? நான் கொட்டாஞ்சேனைக்காரி. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

கதிரை என்றதும் ஏதோ சிம்மாசனம் என்று நினைக்க வேண்டாம். மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், லைட் மேசைக்கு முன்னால் போடுகிற இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்று. வலப்பக்கத்தில் என் புருஷன் றேமண்ட் இருப்பார். இடப்பக்கம் என்னுடையது. கலியாணம் முடித்துப் பத்தொன்பது வருடமாக அது என்னுடையதுதான். நான் கொப்பியைப் பார்த்து எந்த லைட் எப்போது என்று சொல்லுவேன், அவர் ஏற்றி இறக்குவார். வீட்டில் அந்த மனுஷன் கதைக்கிறதென்றால் கரண்ட் பில்லும் கறியில் உப்பும்தான். ஆனால் மண்டபம் இருண்டதும், என் காதுக்குக் கிட்ட வந்து, "அந்தப் பிள்ளை காலை நொண்டுது பாரு", "முன் வரிசையில ஒரு மாமா நித்திரை" என்று ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் நான் இவ்வளவு காலமும் ஏணியில் ஏறி இறங்கினேன் என்றால், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நாங்கள் மேடை லைட் வாடகைக்கு விடுகிறவர்கள். வெள்ளவத்தையில் நடனப் பள்ளி வைத்திருக்கிற பாலேஸ்வரி ரீச்சருக்குப் பன்னிரண்டு வருடமாக நாங்கள்தான். இந்த முறை பள்ளிக்கு வெள்ளிவிழா. பெரிய நாட்டிய நாடகம். அதற்கு லைட்டை வடிவமைக்க ரீச்சர் தனுஷியாவைப் பிடித்திருந்தார். ரீச்சரின் சிநேகிதியின் மகள். மெல்பேர்னில் மேடை லைட் படித்துவிட்டு வந்தவள். வயது முப்பத்திரண்டு. இன்னும் கலியாணம் கட்டவில்லை என்பதை நான் கேட்காமலே ரீச்சர் சொன்னார்.

நிகழ்ச்சிக்கு முன்னால் அவள் மூன்று தரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று தரமும் றேமண்ட் தன் சேர்ட்டைத் தானே அயன் பண்ணினார். அயன் பெட்டி வீட்டில் எந்த அலுமாரியில் இருக்கிறதென்றே தெரியாத மனுஷன். அவள் என்னை "அக்கா" என்றாள். அது சரி, வயதுக்கு மூத்தவள்தானே. ஆனால் அவரை அண்ணா என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. வெறும் "றேமண்ட்." நாக்கில் தேன் தடவின மாதிரி ஒரு றேமண்ட்.

லப்டொப்பை விரித்துக் காட்டினாள். அதற்குள் முழு மண்டபமும் இருந்தது, மேடை, திரை, ஒவ்வொரு லைட்டும் தொங்குகிற இடம் எல்லாம். ஒரு எண்ணைத் தட்டினால் படத்துக்குள்ளேயே மேடை ஊதாவாக மாறியது. இன்னொன்றைத் தட்டினால் விடியற்காலை வந்தது. நான் பத்தொன்பது வருடமாகக் கொப்பியில் பென்சிலால் வட்டம் வட்டமாக வரைந்து, கற்பனையில் மட்டும் பார்த்த வெளிச்சம். அழகாகத்தான் இருந்தது. அசிங்கமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திராது.

நிகழ்ச்சியன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் வெள்ளவத்தை மண்டபத்துக்குப் போய்விட்டோம். டிமர் பெட்டிகளை வைக்கிறது என் வேலை. ஒவ்வொரு லைட்டின் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கிறது டிமர். ஒரு பெட்டிக்குள் ஆறு டிமர். நாலு பெட்டி, ஆக இருபத்துநாலு. வீடுகளுக்கு விலாசம் மாதிரி ஒவ்வொரு டிமருக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்குக் கட்டளை வந்தால் அந்த லைட் எரியும். பெட்டியின் பின்பக்கத்தில் எண் பொறித்த சின்னச் சில்லுகளைச் சக்கரம் மாதிரித் திருப்பி முதல் எண்ணை வைத்துவிட்டால் மற்ற ஐந்தும் வரிசையாகத் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

தனுஷியா எழுதிக் கொடுத்த கடதாசியை றேமண்ட் என் கையில் தந்தார். 001, 007, 013, 019. குண்டு குண்டான வடிவான எழுத்து. எழுத்தும் வடிவா இருக்கவேண்டுமா இவளுக்கு என்று நினைத்துக்கொண்டு காற்சட்டைப் பைக்குள் திணித்தேன். பிறகு பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்து, என் கை பழகின பழக்கத்தில், 002, 008, 014, 020 என்று வைத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. அந்த நேரத்தில் சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் உள்ள ஒரு வழக்கம் அது. றேமண்டின் தகப்பன் கொட்டாஞ்சேனைத் திருவிழாக்களில் லைட் போட்டுத்தான் இந்தத் தொழிலைத் தொடங்கினார். ஒரு வருடம் நாடகத்தில் எல்லா லைட்டையும் ஒன்றாக இறக்கினபோது, மேடை ஓரத்தில் நின்ற அந்தோனியார் சுரூபத்தின் லைட்டும் சேர்ந்து அணைந்துவிட்டது. சனம் சும்மா விடுமா? கிழமைக்கணக்காக ஏச்சு. அன்றிலிருந்து சுரூபத்துக்கென்று பெட்டிகளுக்கு வெளியே தனி டிமர், அதற்கு ஒன்றாம் நம்பர். லைட்டுகளை ஏற்றி இறக்குகிற போர்ட்டில் அந்த முதல் பிடிக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிவிடுவோம், யாரும் தொடக்கூடாது. மற்றதெல்லாம் இரண்டிலிருந்து. பிறகு வெள்ளவத்தைப் பக்கம் வேலை வந்தபோது அதே டிமரை நடராசருக்குக் கொடுத்தோம். எங்கள் ஒன்றாம் நம்பர் சமயம் பார்க்கிறதில்லை.

இதெல்லாம் தனுஷியாவுக்குத் தெரியாது. அவளுக்கு இருபத்துநாலு டிமர் என்றால் ஒன்றிலிருந்து இருபத்துநாலு. அப்படித்தான் மெல்பேர்னில். அப்படித்தான் உலகத்தில் எல்லா இடத்திலும்.

ஒன்பதரைக்கு அவள் வந்தாள். நேரே போய் என் கதிரையில் கைப்பையை வைத்தாள், அதை எடுத்துக் கீழே வைத்தாள், இருந்தாள். பத்து மணிக்கு லப்டொப்பைத் தொடுத்து முதல் லைட்டைக் கூப்பிட்டாள். நான் மேடையில் ஏணியோடு நின்றேன்.

"முன் லைட், இடது," என்றாள்.

பின்னால் நீலம் எரிந்தது.

"முன் லைட், நடு."

பக்கத்திலிருந்து மஞ்சள் வந்தது. அவள் தன் படத்தில் லைட்டுகளுக்குத் தன் வசதிப்படி பெயரும் எண்ணும் வைத்து, அவற்றை டிமர்களோடு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோர்த்திருந்தாள். அதனால் ஓர் எண் தள்ளிப்போனது ஓர் எண் தள்ளிப்போனதாகத் தெரியவில்லை. எல்லாம் தலைகீழாக, பேய் பிடித்தது மாதிரித் தெரிந்தது. அடுத்ததாக ஒன்றைத் தட்டினாள். மேடையின் வலது மூலையில், ஒன்றுமில்லாத இடத்துக்கு மேல், ஒரு சின்ன லைட் எரிந்தது.

"அது எது? என்ர பிளானில அப்பிடி ஒரு லைட் இல்லையே."

"அது சாமி லைட்," என்றார் றேமண்ட். "ரீச்சர் நடராசர் வைக்கிற இடம்."

"அதுக்கும் டிமரோ?"

"ஓம்."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஐயோ, நான் இரண்டிலிருந்து வைத்துவிட்டேன். முதலில் பயம்தான் வந்தது. வாயையும் திறந்துவிட்டேன். அவளுடைய கணினியில் எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டச் சொன்னால் போதும், அல்லது நான் போய் நாலு சில்லைத் திருப்பினால் போதும். ஐந்து நிமிட வேலை. அப்போது றேமண்ட் திரையைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் அவளுடைய கதிரையின் முதுகில் கையை வைத்தார். என் கதிரையின் முதுகில்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் அன்று ஊமையாகத்தான் இருந்தேன். வயரைக் கழற்றிப் பூட்டினார்கள். லப்டொப்பை அணைத்துப் போட்டார்கள். லப்டொப்புக்கும் வயருக்கும் நடுவிலிருக்கிற சின்னப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். "அக்கா, நீல லைட்டின்ர பிளக் சரியான இடத்திலயோ?" என்று கேட்டாள். ஏறிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. "பழைய வயர் தங்கச்சி, எங்கயாவது மாறியிருக்கும்," என்றேன். ஒரு பாதி உண்மைகூட அதில் இல்லை. ஒவ்வொரு தரம் தப்பான லைட் எரியும்போதும் எனக்குள் சந்தோஷம் பொங்கியது. படித்தவளே, பார், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கேவலமான சந்தோஷம்தான், ஆனால் அந்த நேரத்தில் நல்ல சூடாக இருந்தது.

பதினொரு மணியளவில் நான் பயந்தது வந்தது. "ஒண்டில இருந்து இருபத்துநாலு வரைக்கும் ஒவ்வொரு டிமரா ஏத்திப் பாப்பமே?" என்றாள் தனுஷியா. கெட்டிக்காரி. அப்படிச் செய்தால் இரண்டு நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும்.

"அது பிறகு பாப்போம்," என்றார் றேமண்ட். "முதல்ல கேபிளை மாத்துவோம். வேன்ல புதுசு ஒன்டு கிடக்கு. வாங்க, பாத்து எடுப்போம்."

மாதாவே, காப்பாற்றினாய் என்று நினைத்தேன். இந்த மனுஷனுக்கு மூளை இவ்வளவுதான், நல்லகாலம் என்றும் நினைத்தேன்.

வேன் மண்டப வாசலில்தான் நின்றது. கேபிளை எடுத்துவர மூன்று நிமிடம் போதும். இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தார்கள். கேபிளும் வந்தது, கூடவே காலி வீதிக் கடையிலிருந்து இரண்டு ஐஸ் கோப்பியும் வந்தது. இரண்டு. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவள் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். நான் ஏணியின் உச்சியில் நின்று, சூடான லைட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கை சுட்டது பிறகுதான் தெரிந்தது.

புதுக் கேபிளும் ஒன்றையும் மாற்றவில்லை. மாற்றாது என்று எனக்குத் தெரியும். இருவரும் திரும்பவும் தலையோடு தலை வைத்துத் திரையைப் பார்த்தார்கள். அவர் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். என்ன சொன்னார் என்று அவ்வளவு தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் பாலேஸ்வரி ரீச்சர் நடராசரோடும் நாற்பது பிள்ளைகளோடும் வந்து இறங்கினார். இரண்டு மணிக்கு முழு ஒத்திகை. மேடையைப் பார்த்தார். முன்னால் கும்மிருட்டு, பின்னால் மட்டும் நீலம்.

"என்ன பிள்ளை இது, நாடகத்துக்கு லைட்டோ, பேய் வீட்டுக்கு லைட்டோ?"

"ரீச்சர், அட்ரஸ் எங்கையோ குழம்பிப்போச்சு. கொஞ்ச நேரம் தாங்கோ," என்றாள் தனுஷியா.

"ஒரு மணி வரைக்கும் பாக்கிறன். சரிவராட்டி டோரினும் றேமண்டும் தங்கட பழைய போர்ட்டில வழமைபோலச் செய்யட்டும். என்ன டோரின், உமக்கு ஏலும்தானே?"

"ஏலும் ரீச்சர்," என்றேன். எவ்வளவு பணிவாகச் சொன்னேன் தெரியுமா.

தனுஷியா மேடைக்குப் பின்னால் என்னைத் தேடி வந்தாள். டிமர் பெட்டிகளுக்கு முன்னால்தான் நான் நின்றேன். கிட்டத்தில் பார்த்தால் கண்மை கரைந்திருந்தது. முப்பத்திரண்டு வயது என்று தெரியவில்லை, பரீட்சையில் கோட்டைவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

"அக்கா, பெட்டியள் எந்த நம்பரில வைச்சனீங்கள்?"

"நீங்க தந்த கடதாசியில இருந்த மாதிரித்தான்."

"நான் ஒருக்காப் பாக்கட்டே?"

"அங்க கை வைக்காதீங்க தங்கச்சி. உள்ளுக்கு கரண்ட் ஓடுது. ஏதும் நடந்தா ரீச்சருக்கு யார் பதில் சொல்றது?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப பிழை என்ரதான்," என்றாள். "நான் எங்கையோ பிழை விட்டிட்டன். உங்களை வீணா ஏறி இறங்கப் பண்ணிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவள் அப்படி என் லைட்டைக் குறை சொல்லியிருந்தால், என் பழைய பெட்டிகளைத் தூக்கி எறியச் சொல்லியிருந்தால், எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அவளுடைய கடதாசி என் காற்சட்டைப் பைக்குள் கிடந்தது. சொல்லிவிடு டோரின், என்று ஒரு மனம் சொன்னது. அந்த ஐஸ் கோப்பி இரண்டையும் நினைத்தேன். சொல்லவில்லை.

ஒரு மணிக்குப் பழைய போர்ட்டை மேசைக்குக் கொண்டுவந்தோம். இரண்டிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்ன சொல் கேட்டது. மூலையில் நடராசர் வெளிச்சத்தில் நின்றார். ரீச்சர் தலையாட்டினார். தனுஷியா தன் வயர்களைச் சுருட்டிக்கொண்டு பின்வரிசையின் மூலைக்குப் போய் இருந்தாள். ஒத்திகை நடந்தது. அவள் வரைந்த ஊதாவும் விடியற்காலையும் இல்லை. நான் வழமையாகப் போடுகிற சிவப்பு, நீலம், மஞ்சள்தான். குறையில்லை. விசேஷமுமில்லை.

ஐந்தரைக்குச் சனம் வரத் தொடங்கியது. நான் என் கதிரையில் சாய்ந்து இருந்தேன். பிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பையில் பிளேன்ரீ ஊற்றினேன். ஒன்றை றேமண்டுக்கு முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"லப்டொப்பாம், படமாம்," என்று ஆரம்பித்தேன். வாய் நிற்கவில்லை எனக்கு. "மெல்பேர்ன்ல படிச்சு என்னா? நம்மட போர்ட் இருக்கே, பதினஞ்சு வருசம். ஒரு நாள் காலை வாரியிருக்கா?"

"நீ ரெண்டுல இருந்துதானே வச்ச," என்றார் றேமண்ட்.

நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

றேமண்டுக்குப் பொய் சொல்ல வராது. அவரிடமிருக்கிற ஒரே நல்ல குணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித்திரிகிற குணம் அது. "எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"சாமி லைட் எரிஞ்ச உடனே. பத்து மணிக்கே. எங்கட அப்பாட வழக்கம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. போர்ட்டின் பிடிகளை, ஏற்கெனவே கீழே கிடந்த பிடிகளை, திரும்பவும் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார்.

"சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும், டோரின்."

"அதுக்குத்தானே மனுஷா சொல்றது."

"அஞ்சு நிமிசத்துல முடிய எனக்கு விருப்பமில்ல."

அவ்வளவுதான். கோபமாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. கரண்ட் பில் இவ்வளவு வந்திருக்கு என்று சொல்கிற குரல். நானோ அவருடைய மூளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏணியில் நின்றவள். ஒவ்வொரு டிமராக ஏற்றிப் பார்ப்போம் என்று அவள் கேட்டபோது அவர் ஏன் அவளை வேனுக்குக் கூட்டிப் போனார் என்பது இப்போதுதான் உறைத்தது.

"சரி," என்றார். "நீ ஏன் சொல்லல்ல?"

பத்து மணிக்கு நான் வாயைத் திறந்திருந்தால் பத்தே ஐந்துக்கு அவர் ஏணி பிடிக்க வந்திருப்பார். ஐஸ் கோப்பி இல்லை, வேன் இல்லை, அந்தச் சிரிப்பு இல்லை. பத்திலிருந்து பன்னிரண்டரை வரை இரண்டரை மணித்தியாலம் அவர்கள் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து இருந்தார்களே, அதை அவர்களுக்குக் கொடுத்தது நான். என் கையாலே, என் வாயை மூடிக்கொண்டு, என் கதிரையையும் சேர்த்துக் கொடுத்தேன். அவள்மேல் கையோங்கி என் தலையிலேயே போட்டுக்கொண்டேன்.

மண்டப வாசலில் தனுஷியா கைப்பையும் லப்டொப்புமாக நின்றாள். நிகழ்ச்சி பார்க்க நிற்கவில்லை. போகப்போகிறாள். எங்கள் பக்கம் பார்த்து, லேசாகத் தலையை அசைத்தாள். எனக்குமாகத்தான் அசைத்தாள் என்று நினைக்கிறேன்.

றேமண்ட் எழும்பினார். "பேக் பாரம். திரீவீலர்ல ஏத்திவிட்டுட்டு வாறன்."

"ஷோ தொடங்கப்போகுது றேமண்ட்."

"உனக்கு ஏலும்தானே," என்றார்.

போனார். முதல் மணி அடித்தது. இரண்டாம் மணி அடித்தது. பிளேன்ரீ ஆறிப்போனது. நான் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு இருந்தேன். திரீவீலரில் ஒருத்தியை ஏற்றிவிட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் மணிக்கும் அவர் வரவில்லை. நான் எழும்பி அவருடைய கதிரைக்கு மாறி இருந்தேன். போர்ட் அந்தப் பக்கம்தான் இருந்தது. என் கதிரையில் கொப்பியை வைத்தேன்.

காதுக்கருவியில் மேடைக்குப் பின்னாலிருந்து ரீச்சரின் குரல் வந்தது. "டோரின், நாங்கள் தொடங்கப்போறம். ரெண்டு பேரும் ரெடியோ?"

"ரெடி ரீச்சர்," என்று இரண்டு பேருக்குமாகச் சொன்னேன்.